அழகுக்கான சத்திரசிகிச்சையும் ஆறாத நோவும்

 

இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்ட விடயம் மிம்பர்களில் பெரும்பாலும் பேசப்படாதது. வீடுகளிலும் தாழ்ந்த குரலிலேயே பேசப்படுவது. வயிற்றின் தோற்றத்தைச் சீர்செய்வதற்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு, தையல் பிரிக்கப்பட்டு, காயம் ஆறி, தழும்பும் வெளுத்த பின்னர், அதே இடத்தில் மாதக்கணக்காகவும் சிலவேளை ஆண்டுக்கணக்காகவும் நிலைத்துவிடுகின்ற நோவைப் பற்றியே பேசப்போகின்றோம். அத்தகைய சிகிச்சை மார்க்கத்தில் ஆகுமானதா என்ற கேள்விக்கும் வருவோம். ஆயினும் அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு. நோவோடு வீட்டில் படுத்திருக்கும் அந்தச் சகோதரியிடம் நாம் என்ன சொல்லிக்கொண்டிருக்கின்றோம்?

இத்தகைய சிகிச்சைகளில் உயிரிழப்பு நேர்ந்தால் உலகம் அறிந்துகொள்கின்றது. 2005ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நைஜீரிய ஜனாதிபதியின் துணைவியார் ஸ்டெல்லா ஒபாசன்ஜோ, ஸ்பெயின் நாட்டில் வயிற்றுக் கொழுப்பை அகற்றும் சிகிச்சையின் பின் உயிரிழந்தார். சிகிச்சையளித்த வைத்தியரை அந்நாட்டு நீதிமன்றம் 2009ஆம் ஆண்டு குற்றவாளியாகக் கண்டது. 2022ஆம் ஆண்டு மே மாதம் பெங்களூரில் 21 வயதேயான கன்னட நடிகை சேதனா ராஜ், கொழுப்பு அகற்றும் சிகிச்சைக்குச் சென்று உயிரிழந்தார். இவையெல்லாம் செய்தியாயின. ஆனால் உயிரோடு வீடு திரும்பி, இடுப்பில் உடை தொட்டாலே துடிப்பவர் செய்தியாவதில்லை. அவர் தமது நோவை அயலாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் எதற்காகச் சத்திரசிகிச்சை செய்தீர்கள் என்ற கேள்வி வரும்; அதற்கு விடை சொல்ல வெட்கம்.

விடயம் விளங்குவதற்காக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதியால் நாவற்குழிப் பக்கமாகச் செல்லும்போது வருகின்ற அரியாலையில் அவ்வீடு இருக்கட்டும். எந்தவொரு உண்மையான குடும்பத்தையும் நாம் சுட்டவில்லை. அவ்வீட்டில் மூன்று பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாய். மூன்றாவது பேற்றுக்குப் பின் வயிற்றுத் தோல் தளர்ந்து மடிந்து தொங்கிவிட்டது. நம் முன்னோர் செய்தது போன்று பேறுகாலத்தில் வயிற்றைத் துணியால் கட்டிப் பார்த்தார், பயனில்லை. வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் பணம் அனுப்பினார். பலாலியிலிருந்து சென்னைக்கான விமானப் போக்குவரத்து 2019இல் ஆரம்பித்து, கொரோனாக் காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. முன்பு கொழும்புக்குப் போய்ச் சேர்வதற்கே ஒரு நாள் வேண்டும். இப்போது சென்னை அடுத்த ஊர் போல ஆகிவிட்டது. போனார், செய்துகொண்டார், திரும்பினார். முதல் மாதம் எல்லோரும் தோற்றத்தைப் பாராட்டினார்கள்.

ஆறாவது மாதத்திலும் அவரால் பாவாடை நாடாவை இடுப்பில் கட்ட முடியவில்லை. தொப்புளுக்குக் கீழே மரத்துப்போன ஒரு பரப்பு. அதன் ஓரத்தில் ஊசியால் குத்துவது போன்ற நோவு. தொடையின் வெளிப்புறம் நெருப்புப் பட்டது போன்று எரிகின்றது. குனிந்து தேங்காய் துருவ முடியவில்லை. மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து செல்கையில் வீதியின் ஒவ்வொரு பள்ளமும் வயிற்றில் மின்சாரம் பாய்ச்சுகின்றது. தொழுகையில் ருகூவுக்குக் குனிந்தால் இழுக்கின்றது. வலிநிவாரணி மாத்திரை எடுத்தால் ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. ஸ்கேன் செய்து பார்த்தார்கள்; வயிற்றினுள்ளே ஒரு குறையுமில்லை என்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒரு புதிய பேச்சு தொடங்கியது: உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை.

நேயர்களே! அது மனப்பிரமை அன்று. அது எவ்வாறு உண்டாகின்றது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் காரணம் விளங்காதவரையில் நாம் நோயாளியை நம்பமாட்டோம்.

வயிற்றுத் தோலுக்கு உணர்ச்சி தருகின்ற நரம்புகள் முதுகெலும்பின் அருகிலிருந்து புறப்படுகின்றன. கீழ் விலா எலும்புகளின் வழியே வளைந்து, வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு இடையே முன்னோக்கி ஓடி, நடுவயிற்றுத் தசையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு வருகின்றன. அடிவயிற்றுக்கும் தொடையிடுக்குக்கும் உரிய இரு நரம்புகள் இடுப்புப் பகுதியில் முதலாவது முள்ளந்தண்டு நரம்பிலிருந்து கிளைக்கின்றன. தொடையின் வெளிப்புறத் தோலுக்குச் செல்லும் நரம்பு, நாம் கையை இடுப்பில் ஊன்றும்போது விரலில் தட்டுப்படுகின்ற அந்த எலும்பு முனைக்கு மிக அருகால் இறங்குகின்றது. தடிப்பில் இவை பருமனான நூலைப் போன்றவை. தோலடியில் பிரியும் கிளைகளோ அதைவிட நுண்ணியவை.

வயிற்றைச் சீராக்கும் சத்திரசிகிச்சையில் ஓர் இடுப்பெலும்பின் பக்கத்திலிருந்து மறு இடுப்பெலும்பின் பக்கம்வரை நீண்ட கீறல் இடப்படுகின்றது. அங்கிருந்து தோலும் கொழுப்பும் தசையிலிருந்து பிரிக்கப்பட்டு விலா எலும்பு வரைக்கும் தூக்கப்படுகின்றன. தளர்ந்த தசை தையலிட்டு நெருக்கப்படுகின்றது. மிகுதித் தோல் வெட்டி நீக்கப்பட்டு எஞ்சியது கீழே இழுத்துத் தைக்கப்படுகின்றது. 1899ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹவார்ட் கெல்லி தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி நீக்கிய காலத்திலிருந்து, 1967இல் பிரேசிலின் ஈவோ பிட்டாங்கி முந்நூறு நோயாளரின் அனுபவத்தை எழுதி இம்முறையைப் பரப்பிய காலம் வரையிலும், அதன் பின்னரும், நுட்பங்கள் எவ்வளவோ மாறியுள்ளன. ஆனால் தோலைத் தசையிலிருந்து தூக்கும்போது இடையிலே வரும் நுண்ணிய நரம்புக் கிளைகள் அறுபடுவதை எவராலும் முற்றாகத் தவிர்க்க இயலாது. ஆகவே சிறிது காலம் மரப்பு இருப்பது இச்சிகிச்சையில் எதிர்பார்க்கப்படுவதே. அறுந்த நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் என்ற கணக்கில் வளர்ந்து வருவதால், பெரும்பாலானோருக்கு மாதங்கள் செல்லச் செல்ல உணர்ச்சி திரும்பிவிடுகின்றது.

சிலருக்கு அவ்வாறு நடப்பதில்லை. வளரும் நரம்பின் முனை தன் வழியைக் காணாது தழும்பினுள்ளே சுருண்டு ஒரு முடிச்சாகிவிடும். அல்லது தையலில் நரம்பு ஒன்று சேர்ந்து கட்டுப்பட்டுவிடும். அல்லது தழும்புத் திசு இறுகி அதனை நெரிக்கும். அந்நரம்பு பின்னர் மூளைக்கு ஓயாது பொய்ச் செய்தி அனுப்பிக்கொண்டேயிருக்கும். அங்கே நெருப்புமில்லை, ஊசியுமில்லை; ஆனால் மூளைக்கு வந்து சேரும் செய்தி நெருப்பென்றும் ஊசியென்றும் சொல்கின்றது. செய்தி பொய்யாயிருக்கலாம், அதை அனுபவிப்பவரின் வேதனை பொய்யன்று. காலப்போக்கில் முள்ளந்தண்டு வடத்திலுள்ள நரம்புக் கலங்களும் மிகைவிழிப்பு நிலைக்குச் சென்று, மெல்லிய துணி தொடுவதையே வலியாக எடுத்துரைக்கத் தொடங்கும்.

2014ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, இச்சிகிச்சை பற்றிய இருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. நூறு பேரில் ஏறக்குறைய இருவருக்குப் பெயர் குறிப்பிட்டுச் சொல்லத்தக்க ஒரு நரம்பில் பாதிப்பு ஏற்பட்டதாகவும், அவற்றுள் அதிகமாகக் காயப்பட்டது தொடையின் வெளிப்புறத் தோல் நரம்பே எனவும் அது காட்டியது. நூற்றுக்கு இரண்டு என்பது சிறிய தொகை என்று சொல்வோர் உண்டு. அந்த இருவரில் ஒருவராக இருப்பவருக்கு அது சிறிய தொகையன்று.

போரின் காயம் அறிந்த யாழ்ப்பாண மண்ணில் நின்று இதைப் பேசுவது ஒருவகையில் எளிது. ஷெல் துண்டு நரம்பைக் கிழித்தவர்களும், மிதிவெடியில் இழந்த காலில் இன்றும் வலியை உணர்பவர்களும் நம்மிடையே வாழ்கின்றார்கள். இல்லாத காலில் வலிப்பதாக அவர்கள் சொன்னபோது ஆரம்பத்தில் வியந்தாலும் பின்னர் நம்பினோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் துப்பாக்கிக் குண்டினால் நரம்பு காயப்பட்ட வீரர்களை ஆராய்ந்த சைலஸ் வெயர் மிட்செல் என்ற வைத்தியர், காயம் ஆறிய பின்னரும் எரியும் கையை ஈரத்துணியால் சுற்றிக்கொண்டே திரிந்தவர்களைப் பற்றி 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். குண்டு கிழித்தாலும் கத்தி கிழித்தாலும் நரம்புக்கு வேறுபாடு தெரிவதில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சிந்தியுங்கள். அடிவயிற்றின் குறுக்கே கீறிச் செய்யப்படும் சிசேரியன் சத்திரசிகிச்சையிலும் இதே அடிவயிற்று நரம்புகள் காயப்படுவதுண்டு. ஆண்களுக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சை செய்யும்போதும், அதே நரம்புகள் தையலிலோ வலையிலோ அகப்பட்டு ஆண்டுக்கணக்கில் தொடையிடுக்கு நோவைத் தருவதுண்டு. பொதுவான சத்திரசிகிச்சைகளுக்குப் பின்னர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ நீடித்த வலி ஏற்படுவதாகவும், அவர்களுள் ஒரு பகுதியினருக்கு அது கடுமையானதாக இருப்பதாகவும் 2006ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் மூன்று அறிஞர்கள் எழுதினார்கள்.

பிள்ளைப்பேற்றுக்காகக் கீறப்பட்ட தாய் நோவென்று சொன்னால் நாம் தலையணை எடுத்துக் கொடுக்கின்றோம். பாரம் தூக்கிக் குடலிறங்கிய தந்தை நோவென்று சொன்னால் வேலையிலிருந்து ஓய்வு கொடுக்கின்றோம். அதே நரம்பு, அதே இடம், அதே எரிவு. ஆனால் அழகுக்காகச் செய்துகொண்டவர் சொன்னால் மட்டும், நீயே தேடிக்கொண்டது என்கின்றோம். இந்த வேறுபாட்டை நாம் எங்கிருந்து பெற்றோம்? மருத்துவத்திலிருந்து பெறவில்லை என்பது தெளிவு. மார்க்கத்திலிருந்தும் பெறவில்லை என்பதையே நான் சொல்ல வந்தேன்.

மார்க்கத்தின் நிலைப்பாட்டை மறைக்காது சொல்லிவிடுவோம். அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதர்களை ஏவுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததை அந்நிஸா அத்தியாயத்தின் 119ஆம் வசனம் எடுத்துரைக்கின்றது. அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவது போன்ற செயல்களைக் கண்டிக்கும் நபிமொழியை இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். மறுபக்கத்தில், குலாப் என்ற போரில் மூக்கை இழந்த அர்பஜா (ரழி) என்ற தோழர் வெள்ளியால் மூக்குச் செய்து அணிந்தபோது, அதில் துர்நாற்றம் ஏற்பட, தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும் சிதைந்த தோற்றத்தைச் சீர்செய்வதற்கு அனுமதி கிடைத்தது.

இவ்விரண்டையும் முன்வைத்தே சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, 2007ஆம் ஆண்டு ஜூலை மாதம் மலேசியாவின் புத்ரஜாயா நகரில் நடத்திய 18ஆவது அமர்வில், அழகுச் சத்திரசிகிச்சை பற்றிய தனது தீர்மானத்தை வெளியிட்டது. பிறவிக் குறை, விபத்து, தீக்காயம், நோய் ஆகியவற்றால் ஏற்பட்ட சிதைவைச் சீர்செய்தல் ஆகும். உடலுக்கோ உள்ளத்துக்கோ துன்பம் தரும் விகாரத்தை நீக்குதல் ஆகும். இயல்பான தோற்றத்தை மன இச்சைக்காகவும் பிறரைப் பின்பற்றியும் மாற்றுதல் ஆகாது. கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் சிகிச்சையைப் பொறுத்தவரை, உடற்பருமன் நோயாகிவிட்ட நிலையில், வேறு வழியில்லாதபோது, தீங்கு நேராதென்ற நிலையில் அனுமதி உண்டு. பல பேறுகளால் தசை விரிந்து தோல் தொங்கி, மடிப்பினுள்ளே புண் உண்டாகும் தாயின் நிலை எவ்வகையைச் சேரும் என்பதை அவரவர் வைத்தியரிடமும் மார்க்கம் கற்ற ஆலிமிடமும் கேட்டே முடிவு செய்யவேண்டும். வானொலியில் ஒரே சொல்லில் தீர்த்துவிடக் கூடியதன்று.

அத்தீர்மானத்தில் நம்மவர் கவனிக்காது விடும் பகுதி ஒன்று உண்டு. வைத்தியர் தகுதியும் தேர்ச்சியும் உடையவராயிருத்தல் வேண்டும். நேரக்கூடிய ஆபத்துகளையும் பின்விளைவுகளையும் சிகிச்சை பெறவிருப்பவருக்கு விளங்க எடுத்துரைத்தல் வேண்டும் என்று அது நிபந்தனை விதிக்கின்றது. மருத்துவம் கற்றவரென அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால் அதன் பொறுப்பு அவரையே சாரும் என்ற கருத்தில் அபூதாவூத் போன்ற கிரந்தங்களில் நபிமொழி பதிவாகியுள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி என்ற முஸ்லிம் சத்திரசிகிச்சை மேதை, தமது நூலின் சத்திரசிகிச்சைப் பகுதியின் தொடக்கத்திலேயே, உடற்கூறு அறியாத ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியைக் கீறி இரத்தக்குழாயை அறுத்து அவளை இழக்கச் செய்த நிகழ்ச்சியைச் சொல்லி எச்சரிக்கின்றார். நம் முன்னோர் கத்தியை எடுப்பதற்கு முன் நரம்பும் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று கேட்டவர்கள். முகநூல் விளம்பரத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு படங்களைப் பார்த்துவிட்டு நாம் பணம் கட்டுகின்றோம்.

ஆகவே செல்ல எண்ணுபவர்கள் செல்வதற்கு முன் கேட்கவேண்டியவற்றைக் கேளுங்கள். கத்தி பிடிக்கப்போகின்றவர் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சையில் நிபுணத்துவப் பட்டம் பெற்றவரா? இலங்கையில் வைத்தியர்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்யப்படுதல் வேண்டும். அழகு நிலையத்தின் பின்னறையில் கட்டில் போட்டிருப்பது வைத்தியசாலை ஆகாது. இந்தியாவுக்குச் செல்வோர் அறிய வேண்டியது, 2008ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் வழங்கிய தீர்ப்பை. சிகிச்சையின் தன்மை, நோக்கம், நன்மை, மாற்றுவழி, முக்கிய ஆபத்து ஆகியவற்றை அறிந்த பின் கொடுப்பதே உண்மையான சம்மதம் என்று அது கூறியது. கையெழுத்திடும் படிவத்தில் சிறிய எழுத்தில் இருப்பதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த நரம்பு காயப்படக்கூடும், மரப்பு எத்தனை மாதம் நீடிக்கும், நோவு மூன்று மாதத்தைத் தாண்டினால் யாரிடம் வருவது என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஏற்கெனவே உடலில் வேறிடத்தில் நாட்பட்ட வலி உள்ளவர்களுக்குச் சத்திரசிகிச்சையின் பின் வலி நிலைத்துவிடும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதையும் மறைக்காது சொல்லுங்கள். கடல் தாண்டிச் செய்துகொள்வதில் உள்ள பெரிய குறை இதுதான்: கீறியவர் அங்கே, நோவு இங்கே. இரண்டு வாரத்தில் விமானம் ஏறிவிடுகின்றவரை ஆறாவது மாதத்தில் பார்ப்பதற்கு அந்த வைத்தியர் இருக்கமாட்டார்.

இனி, நோவு வந்துவிட்டவர்களிடம் பேசவேண்டும்.

சகோதரியே, உங்கள் நோவை நீங்கள் சொல்வது பொறுமையின்மை ஆகாது. ஆயிஷா (ரழி) அவர்கள் தலைவலியால் வாடித் தமது வேதனையைச் சொன்னபோது, தமக்கும் தலை நோவதாகவே நபி (ஸல்) அவர்கள் கூறியதை இமாம் புகாரி பதிவு செய்துள்ளார்கள். நோயாளி தமக்கு நோகின்றதென்று சொல்லலாம் என்பதற்கே அவர்கள் அந்நூலில் ஒரு தலைப்பு இட்டுள்ளார்கள். சர்வதேச வலி ஆய்வுச் சங்கமும் 2020ஆம் ஆண்டு வலிக்கான தனது வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு வலிக்கின்றதென்று சொன்னால் அச்சொல் மதிக்கப்படவேண்டும் என்பதைச் சேர்த்துக்கொண்டது.

மூன்று மாதத்தைத் தாண்டிய நோவென்றால் அதை மீண்டும் வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். அரியாலையில் இருப்பவருக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை தூரமன்று. அங்கு வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்பவரிடம் எவரும் பணம் கேட்பதில்லை. சத்திரசிகிச்சை எங்கே, எதற்காகச் செய்யப்பட்டது என்பதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மறைத்தால் வைத்தியர் குடலிலும் கருப்பையிலும் சிறுநீர்ப் பையிலும் காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார். நீங்கள் ஸ்கேனுக்கு மேல் ஸ்கேன் செய்துகொண்டிருப்பீர்கள். அமெரிக்கச் சத்திரசிகிச்சையாளர் கார்னெட் 1926ஆம் ஆண்டிலேயே ஓர் எளிய சோதனையை எழுதிவைத்தார். நோயாளி மல்லாந்து படுத்திருக்க, நோகும் இடத்தை வைத்தியர் விரலால் அழுத்திக்கொண்டு தலையைத் தூக்கச் சொல்வார். வயிற்றுத் தசை இறுகும்போது நோவு கூடினால், நோவின் ஊற்று உள்ளுறுப்பில் இல்லை, வயிற்றுச் சுவரிலேயே இருக்கின்றது என்பதற்கு அது நல்ல அடையாளம். எந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு விரல் போதும். நோகும் இடத்தில் உணர்வழி ஊசி மருந்தை ஏற்றிப் பார்ப்பதும் உண்டு. ஊசி போட்டவுடன் நோவு அடங்கினால் எந்த நரம்பு என்பது தெளிவாகிவிடும்; சிலருக்கு அவ்வூசியே நீண்ட ஆறுதலையும் தரும்.

நரம்பு நோவுக்குப் பரசிற்றமோல் போன்ற வழமையான மாத்திரைகள் பெரிதும் உதவுவதில்லை. அமிற்றிப்ரிலின், கபாபென்ரின், பிரிகபலின், டுலொக்செற்றின் என்பன வைத்தியர்கள் கொடுக்கும் மருந்துகள். இவற்றுள் சில மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் கொடுக்கப்படுபவை என்பதால், துண்டைப் பார்த்த உறவினர் ஒருவர், பார், மனநோய்க்குத்தான் மருந்து கொடுத்திருக்கின்றார்கள் என்று சொல்லக்கூடும். அது அறியாமை. நரம்பின் மிகைத்துடிப்பை அடக்கும் தன்மை அம்மருந்துகளுக்கு இருப்பதனாலேயே குறைந்த அளவில் வலிக்கும் கொடுக்கின்றார்கள். பலன் தெரிய சில வாரங்கள் செல்லும், தூக்கம் வரும், திடீரென்று நிறுத்தக்கூடாது. பிரிகபலின் மாத்திரையை நம் இளைஞர்கள் சிலர் போதைக்காகத் தேடும் துயரநிலை இருப்பதால் அதை வைத்தியரின் துண்டுடன் மட்டுமே வாங்கி, வீட்டில் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போதை மாத்திரை என்ற பெயருக்கு அஞ்சி நோயாளி அதைக் கைவிடவும் கூடாது. இவை எதற்கும் அடங்காத நோவில், சுருண்ட நரம்பு முடிச்சை வெட்டி அதன் முனையைத் தசையினுள்ளே புதைக்கும் சத்திரசிகிச்சையும் உண்டு. அதற்கு நரம்பில் தேர்ச்சி பெற்றவர் வேண்டும். முதலில் கீறியவரிடமே மீண்டும் ஓடவேண்டும் என்பதில்லை.

வீட்டாருக்கு ஒரு சொல். பயணமொன்றில் தலையில் காயம்பட்டிருந்த ஒருவருக்குக் குளிப்புக் கடமையானபோது, தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று கேட்டார். உடனிருந்தோர் அறியாது இல்லை என்றனர். அவர் குளித்தார், இறந்தார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடிந்து, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்ற கருத்தைச் சொன்னார்கள். காயத்தின் மீது தெரியாமல் சொல்லப்படும் ஒரு சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சிலர் சபித்தபோதுகூட, உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணைபோகாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கின்றார்கள். இங்கே நாம் பேசுவதோ, ஒருவேளை ஆகுமான காரணத்துக்காகவே கத்தியின் கீழ் படுத்திருக்கக்கூடிய ஒரு தாயைப் பற்றி. அவரது நிய்யத்தை அல்லாஹ் அறிவான். நம் கையில் இருப்பது தேங்காய் துருவிக் கொடுப்பதும், மருந்து நேரத்தை நினைவூட்டுவதுமே. மாமியார்மார் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகின்றேன். கணவன்மார் கேட்டுக்கொண்டிருந்தால் இன்னும் நன்று.

தொழுகையைப் பற்றி ஐயம் கொள்வோர் உண்டு. மூலநோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிடின் அமர்ந்தும், அதற்கும் இயலாவிடின் பக்கவாட்டில் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வயிற்றுச் சுவர் நோவினால் ருகூவும் ஸுஜூதும் இயலாதவர் கதிரையில் அமர்ந்து, இயன்ற அளவு தலையைச் சாய்த்துத் தொழுதால் போதுமானது. நோவைத் தாங்கிக்கொண்டு முழுமையாகக் குனிந்தால்தான் நன்மை அதிகம் என்று எண்ணி நரம்பை மேலும் இழுக்காதீர்கள். உடலில் நோவிருப்பதாக முறையிட்ட உஸ்மான் இப்னு அபில்ஆஸ் (ரழி) அவர்களுக்கு, நோகும் இடத்தில் கையை வைத்து ஓதும்படி கற்றுக்கொடுத்த துஆ முஸ்லிம் கிரந்தத்தில் இருக்கின்றது. உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தொடுகையையே பொறுக்காத தோல் என்றால் ஆடையின் மேல் மெதுவாக, அழுத்தாது வையுங்கள்.

கிளினிக்குச் செல்லும் நாளில் சத்திரசிகிச்சை செய்த வைத்தியசாலை கொடுத்த அறிக்கையை மறவாது கொண்டுசெல்லுங்கள். தொலைந்திருந்தால் அங்கே எழுதிக் கேட்டுப் பெறலாம். நோவு எந்த இடத்தில், எந்த நேரத்தில், எது தொட்டால் கூடுகின்றது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பேனையால் வயிற்றிலேயே எல்லையை வரைந்துகொண்டு சென்றாலும் வைத்தியருக்கு வசதியே. தனியே போகாதீர்கள். பஸ்ஸில் ஏறும்போது இடுப்பில் எவரும் இடிக்காதவாறு பக்கத்தில் நிற்க ஒருவர் வேண்டும்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.